ஜெசிந்தா வாங்கிக் கொடுத்த பேனா

எந்தப் பேனா கைக்கு வந்தாலும் ரோஸ்லின் முதலில் காகிதத்தைத் தேட மாட்டாள். இடது மணிக்கட்டின் உட்புறத்தில், நரம்பு தெரியும் இடத்தில், ஒரு சிறு கோடு இழுப்பாள். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கும் நேரம் அதைக் காய விடுவாள். பிறகு வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டின்மேல் அழுத்தி ஒரு தேய்ப்பு. கோடு அசையாமல் நின்றால் பேனா அவளுடைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். கரைந்து ஈஷிக்கொண்டால் புருஷன் குழந்தைராஜின் சட்டைப் பைக்குப் போகும். அறுவடை மெஷின் ஓட்டுகிறவருக்கு யார் வயலுக்கு என்றைக்கு என்று குறித்துக்கொள்ள அது போதும்.

கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்த மாமியார் சவரியம்மாள், “பேனாவை நக்கிப் பாக்குற மருமவளை எனக்குத்தான் ஆண்டவர் குடுத்திருக்காரு” என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னாள். கோயிலில் நற்கருணை வாங்க நீட்டும் கையிலும் அந்தக் கறுப்புத் தீற்றல் இருக்கும். பக்கத்தில் நிற்கும் பெண்கள் அதைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை ரோஸ்லினும் பார்ப்பாள். முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாளே தவிர, பழக்கத்தை விடவில்லை. காகிதம் மையைக் குடித்து மறைத்துவிடும், தோல் மறைக்காது என்பது அவள் கணக்கு.

அவள் பிறந்தது நீடாமங்கலம். அப்பா ரயிலடியில் நெல் மூட்டை ஏற்றுகிறவர். ஒன்பதாம் வகுப்பு பாதியில் அம்மா படுத்த படுக்கையானதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. எதிர்வீட்டில் கல்லூரி படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ரெக்கார்டு நோட்டில் தவளையின் வயிற்றை வரையத் தெரியவில்லை. ரோஸ்லின் வரைந்து கொடுத்தாள். செம்பருத்திப் பூவைக் குறுக்கே வெட்டி வரைந்தாள். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணின் தோழிகள் வந்தார்கள், அதற்கு அடுத்த வருஷம் ஆசிரியர் பயிற்சி படிக்கிற பெண்கள் சார்ட் அட்டையோடு வந்தார்கள். வாசலில் நின்று பேசவே கூச்சப்படும் பெண்ணுக்கு, பேசாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று கிடைத்துவிட்டது. அடுப்படி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தாள்.

பேனாக்களை அவள் அப்படித்தான் அறிந்தாள். புள்ளி ஐந்து, புள்ளி மூன்று, புள்ளி ஒன்று, அதற்கும் கீழே புள்ளி பூஜ்யம் ஐந்து என்று முனைக்கு ஓர் எண் உண்டு. சின்ன எண் என்றால் மெல்லிய முனை. மெல்லிய முனையை அழுத்தக் கூடாது, அழுத்தினால் உள்ளே போய்விடும். சொரசொரப்பான அட்டை முனையைத் தின்றுவிடும். ஐப்பசி ஈரத்தில் காகிதம் ஊறி, கோட்டுக்கு மீசை முளைக்கும். உள்ளங்கை வேர்வை படாமல் கைக்குட்டையை மடித்துக் கைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சாயம், பார்க்கப் பளபளவென்று கறுப்பாக இருக்கும், ஈரம் பட்டால் ஓடிவிடும். இன்னொன்று தூளைக் கரைத்த மை. கொஞ்சம் மங்கல். ஆனால் காய்ந்தபின் மழையில் போட்டாலும் அசையாது.

பாபநாசத்துக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையோரம் உள்ள இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் கொண்டுவந்த சீரில் அந்தப் பிஸ்கட் டப்பாவும் ஒன்று. அதைச் சவரியம்மாள் சீராக மதிக்கவில்லை. ஒருநாள் கேஸ் அடுப்பின் பர்னர் ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. சவரியம்மாள் டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிய பேனாவை எடுத்து, முனையால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, மூடி போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். ரோஸ்லின் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு போடவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் தெருவுக்குப் பத்து. யாராவது இறந்துபோனால் கல்லறையின் சிலுவைக்கடியில் ஒரு சின்ன மாடம் கட்டுவார்கள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் அன்று இறந்தவரின் படத்தைக் கொண்டுபோய் அந்த மாடத்தில் வைப்பார்கள். சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அந்த மாதம் முழுவதும் படம் அங்கேயே இருக்கும். அடைமழைக் காலம். லேமினேட் செய்த போட்டோக்களுக்குள் தண்ணீர் புகுந்து, முகம் கொப்பளித்து, மாதம் முடிவதற்குள் யார் என்றே தெரியாமல் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோது ரோஸ்லின் அவருடைய முகத்தை வழவழப்பான கெட்டி அட்டையில் வரைந்து, கண்ணாடி போட்டுக் கொடுத்தாள். மாதக் கடைசியில் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கியிருந்தது, ஆனால் முகம் இருந்தது. மீசையில் ஒரு முடிகூடக் கரையவில்லை.

அதற்குப்பின் ஒவ்வொரு வருஷமும் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருத்தி தயங்கி நிற்பாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழைய போட்டோ வெளியே வரும். ரோஸ்லின் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குள் மருமகளாக இருந்தவளுக்கு ஊருக்குள் ஒரு பெயர் வந்தது, ‘படம் போடுற ரோஸ்லின்’ என்று. அந்தப் பெயரை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவளுடையது என்று இந்த ஊரில் இருந்தது அது ஒன்றுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடையில், சவரியம்மாள் இறந்தாள். படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் பார்த்தவள் ரோஸ்லின். ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்துக்குடியோடு வந்து பார்த்தவள் குழந்தைராஜின் அக்கா ஜெசிந்தா. பாபநாசத்தில் இருந்தாள். வந்தவுடன் போர்வையைத் தூக்கிப் பார்ப்பாள், தலையணையை முகர்ந்து பார்ப்பாள், தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துப் பார்ப்பாள். சாவுக்கு வந்த கூட்டத்தின் நடுவில், “வாயைத் திறந்து கேட்டாத்தான் எங்க அம்மாவுக்குத் தண்ணி. வாயி திறக்க முடியாமப் போனப்புறம் எத்தனை நாள் தவிச்சிச்சோ” என்று அழுதாள். பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் அதைக் கேட்டாள். பதில் சொல்லவில்லை. சொல்லாத பதில்களை அவள் தூக்கிப் போடுவதும் இல்லை.

அந்த வருஷம் அக்டோபர் பிறந்ததும் ஜெசிந்தா வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, அம்மா படத்தை ஸ்டுடியோவுல குடுத்துருவோம். கம்ப்யூட்டர்ல கலரா போட்டுத் தர்றான்.”

“ரோஸ்லின் வரையும்க்கா” என்றார் குழந்தைராஜ்.

“எங்க அம்மா மூஞ்சி அவளுக்கு ஞாபகம் இருக்குமா?”

அடுப்படியில் இருந்த ரோஸ்லின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஊர் முழுக்கப் படம் போடுகிறவள், சொந்த மாமியாருக்குப் போட விடவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். வீட்டு ஆட்களே நம்பாத கையில் வேறு எவரும் தங்கள் வீட்டுப் பிணத்தின் முகத்தைக் கொடுக்க மாட்டார்கள். இந்த ஒரு படத்தோடு எல்லாம் போய்விடும். அவள் கதவருகில் வந்து நின்றாள்.

“நான் வரையறேன் அண்ணி” என்றாள்.

ஜெசிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி. ஆனா நீ போடுற மாதிரி மங்கலா இருக்கக் கூடாது. கறுப்பா இருக்கணும். பேனா நான் வந்து வாங்கித் தர்றேன். எங்க அம்மாவுக்கு நான் செய்யிறேன்.”

கும்பகோணத்தில் ஹமீதா பானுவின் ஸ்டேஷனரிக் கடைக்குத்தான் ரோஸ்லின் எப்போதும் போவாள். மெல்லிய முனைப் பேனாக்களைத் தேடி வாங்கி வைக்கிற கடை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். பானு வாய்க்காரி, ஆனால் ரோஸ்லினுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவாள். அன்றைக்கு நாத்தனாரோடு வந்ததைப் பார்த்து ஸ்டூலை எடுக்கவில்லை.

“என்னக்கா, இன்னைக்குப் பெரிய ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

“என் வீட்டுக்காரரோட அக்கா.”

ரோஸ்லின் எப்போதும் வாங்குகிறதில் மூன்றை எடுத்தாள். கண்ணோரச் சுருக்கத்துக்கு ஒன்று, தலைமுடிக்கு ஒன்று, சேலைக்கரைக்கு ஒன்று. காகிதத்தில் இழுத்துக் காட்டினாள். ஜெசிந்தா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

“இது என்ன, சாம்பலைக் கரைச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு. எங்க அம்மா என்ன கொசுவத்திப் புகையா?”

“முகத்துக்கு மெல்லிசாத்தான் போகணும் அண்ணி. மேல மேல போட்டா கறுப்பு தானா ஏறும்.”

“மேல மேல போட உனக்கு நேரம் இருக்கு. ஒரு வாய் தண்ணி குடுக்கத்தான் நேரம் இல்லாமப் போச்சு.”

கடையில் நோட்டு வாங்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பானு பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் எதையோ தேடினாள். ரோஸ்லின் மூன்று பேனாக்களுக்கும் ஒவ்வொன்றாக மூடி போட்டாள்.

“நல்லாக் கறுப்பா என்னம்மா இருக்கு உங்ககிட்ட?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

பானு ஒரு பளபளப்பான பாக்கெட்டை எடுத்துப் போட்டாள். “இது புதுசா வந்திருக்குங்க. ஜெல்லு. முனையும் மெல்லிசுதான். கல்யாணப் பத்திரிகையில பேர் எழுதறவங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க.”

ஜெசிந்தா ஒரு கோடு போட்டாள். நனைந்த எருமை முதுகு மாதிரி கறுப்பு.

“கறுப்புன்னா இது கறுப்பு.”

“தண்ணி பட்டா நிக்குமா பானு?” என்று ரோஸ்லின் மெல்லக் கேட்டாள்.

“அட்டையில என்னமோ போட்டிருக்கான். சீனாக்காரன் எழுத்து, நான் எங்க படிக்கிறது? நீங்கதான் கையிலயே ஆராய்ச்சி பண்ணுவீங்களே, பண்ணிப் பாத்து எடுத்துக்கங்க.”

ரோஸ்லின் அந்தப் பேனாவை வாங்கி மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தாள். காய விட்டாள். கட்டைவிரலை நாக்கில் வைத்தபோது ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நகம் பதிந்தது.

“என்ன பண்ற நீ?”

“மை நிக்குதான்னு…”

“எச்சிக் கையால தொட்ட பேனாவுலயா எங்க அம்மா மூஞ்சிய வரைவ? சாமியார் மந்திரிக்கிற படம் அது. நாய் நக்கிப் பாக்குற மாதிரி நக்கிப் பாக்குற. உங்க ஊருல இதெல்லாம் செல்லும் போல. எங்க வீட்டுல செல்லாது.”

இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கத்தைப் பலர் கிண்டல் செய்திருக்கிறார்கள். யாரும் கையைப் பிடித்து நிறுத்தியதில்லை. ரோஸ்லின் கையை விடுவித்துக்கொண்டாள். கோடு ஈரம் படாமல் அப்படியே இருந்தது. ஜெசிந்தா பாக்கெட்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் போன ரோஸ்லினிடம் பானு தணிந்த குரலில், “பேனா வாங்க வந்தீங்களா அக்கா, பேச்சு வாங்க வந்தீங்களா?” என்றாள்.

மறுநாள் குழந்தைராஜ் வேலைக்குப் போனபின், அடுப்படியில் தனியாக நின்று, ஜெசிந்தா கொடுத்துவிட்டுப் போன பேனாவால் மணிக்கட்டில் புதிதாக ஒரு கோடு போட்டு, காய வைத்து, விரலை நனைத்துத் தேய்த்தாள். மணிக்கட்டு முழுக்கக் கறுப்பு ஈஷிக்கொண்டது. அழுத பிள்ளையின் கண் மை மாதிரி. அட்டையில் ஒரு கோடு போட்டு ஈரத் துணியால் தொட்டுப் பார்த்தாள். அதிலும் ஓடியது.

சவரியம்மாள் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. மற்ற வீடுகளில் படத்தைக் கண்ணாடியோடு வைப்பார்கள். சவரியம்மாள் தன் புருஷன் இறந்த வருஷம், சாமியார் தீர்த்தச் செம்போடு வரும்போது, சட்டத்திலிருந்து கண்ணாடியை உருவி எடுத்துவிட்டாளாம். “அவரு மூஞ்சியில படட்டும். கண்ணாடிக்கு எதுக்குத் தீர்த்தம்?” என்றாளாம். அதிலிருந்து அந்த வீட்டில் யார் இறந்தாலும் முதல் வருஷம் மந்திரிக்கும்போது கண்ணாடியை எடுத்துவிட்டு, மந்திரித்தபின் திரும்பப் போடுவார்கள். அதுவரை எல்லாம் போட்டோக்கள். ஒன்றும் ஆனதில்லை. இந்தத் தடவையும் ஜெசிந்தா கண்ணாடியை எடுப்பாள் என்று ரோஸ்லினுக்குத் தெரியும்.

போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

“அண்ணி, அந்த மை வந்து…”

“என்ன மை? ஆரம்பிச்சிட்டியா? உன் பேனாதான் ஒசத்தின்னு காட்டணும், அதான?”

“இல்லண்ணி, தண்ணி…”

“மையைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத. கறுப்பா இருக்கா, இல்லையா?”

“கறுப்பா இருக்கு.”

“அப்ப வரை. முடியலன்னா சொல்லு, நாளைக்கே ஸ்டுடியோவுல குடுத்துடறேன்.”

ரோஸ்லின் போனை வைத்தாள். இரண்டு வழி இருந்தது. அந்தப் பேனாவை ஓரமாகப் போட்டுவிட்டுத் தன்னுடையதிலேயே வரையலாம். ஜெசிந்தா கண்டுபிடித்துவிடுவாள், ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுவாள். அல்லது சொன்ன பேனாவில் வரையலாம். ஓடினால் ஓடட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வாங்கிக் கொடுத்தவள் பெயர்தானே கெடும். கடை நிறையப் பேர் பார்க்கத்தானே வாங்கினாள். அவளே கண்ணாடியை எடுக்கட்டும், அவளே பார்க்கட்டும்.

அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்தபின் கை வேறு மாதிரி வேலை செய்தது. மாதிரிக்கு இருந்தது ஆதார் அட்டையில் இருந்த படமும், ஜெசிந்தா கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படமும்தான். இரண்டையும் அவள் அதிகம் பார்க்கவில்லை. இடது இமை கொஞ்சம் சரிந்திருக்கும், கோபம் வந்தால் அது மட்டும் துடிக்கும். மேலுதட்டில் வெற்றிலைக் கறை நின்ற இரண்டு பிளவுகள். காது ஓட்டை அறுந்து தைத்த தழும்பு. எதிரியின் முகத்தை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பவள் போல அவள் வரைந்தாள். அந்தப் பேனாவில் கோடு போட்டால் தடிப்பாக விழுந்தது. அதனால் கோட்டை விட்டுவிட்டுப் புள்ளியாக வைத்தாள். கன்னத்துக்கு நெருக்கமில்லாத புள்ளி, கழுத்துக் குழிக்கு நெருக்கமான புள்ளி. வெளியே சம்பா நடவு முடிந்து வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் காலையில் உட்கார்ந்தால் மதியம் எழுந்திருப்பாள். பாதியில் நிறுத்த முடியவில்லை.

முடித்த அன்று குழந்தைராஜ் வந்து படத்தின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ராசுன்னு கூப்பிடப் போற மாதிரி இருக்கு” என்றார்.

அவரிடம் சொல்ல அது ஒரு நேரம். ரோஸ்லின் வாயைத் திறந்தாள்.

“சோறு போடட்டுங்களா?” என்றாள்.

படத்தைப் பார்க்க ஜெசிந்தா வந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் விரல் காதுத் தழும்புக்கு நேராகப் போய் நின்றதை ரோஸ்லின் கவனித்தாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மந்திரிக்கிறப்ப கண்ணாடியை எடுக்காதீங்க அண்ணி என்று சொல்லிவிடலாம் என்று அந்த நொடியில் நினைத்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“ம். பேனா நல்ல பேனா” என்றாள் ஜெசிந்தா.

ரோஸ்லின் உள்ளே போய்விட்டாள்.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் தூறல் போட்டு, சாயங்காலம் நின்றிருந்தது. வாய்க்கால் ஓரக் கல்லறைத் தோட்டத்தில் சேறு. வெள்ளையடித்த சிலுவைகளுக்கெல்லாம் செவ்வந்தி மாலை. மெழுகுவத்தியைக் காற்று அணைக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டிக் கவிழ்த்திருந்தார்கள். சவரியம்மாள் கல்லறை புதியது என்பதால் அங்கே கூட்டம் அதிகம். படத்தைப் பார்த்தவர்கள், “அப்படியே இருக்குதே” என்றார்கள். இரண்டு பேர் ரோஸ்லின் பக்கம் நகர்ந்து வந்து, அடுத்த வருஷத்துக்குச் சொல்லிவைத்தார்கள். அதில் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டுகூடச் சொன்னாள்.

சாமியார் வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். நெருங்கியதும் ஜெசிந்தா குனிந்து, சட்டத்தின் பின்பக்க ஆணியைத் திருப்பி, கண்ணாடியை உருவி எடுத்து முந்தானையில் துடைத்து இடுப்பில் அணைத்துக்கொண்டாள். ரோஸ்லின் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள். ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். வைக்கவில்லை.

தீர்த்தம் தாராளமாகவே விழுந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாமியார் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தபின் சரிந்த இடது இமைக்குக் கீழே ஒரு புள்ளி கலங்கியது. பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்தது. சேர்ந்து, கன்னத்தின் வழியாக, கறுப்பாக, மெதுவாக இறங்கியது. பிறகு மற்றக் கண்ணிலிருந்தும் ஒரு கோடு.

யாரோ ஒரு பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “சவரியம்மா அழுவுது பாரு” என்றாள்.

அதை ரோஸ்லின் எதிர்பார்க்கவில்லை. மை ஓடும், பேனா யாருடையது என்று பேச்சு வரும், ஜெசிந்தாவின் முகம் செத்துப்போகும் என்பது வரைக்கும்தான் அவள் நினைத்து வைத்திருந்தாள். கூட்டத்தில் ஒருவரும் பேனாவை நினைக்கவில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் திரும்பி மருமகளைப் பார்த்தார்கள்.

“என்ன கொடுமையைப் பாத்துச்சோ” என்று இன்னொருத்தி சொன்னாள்.

“மை ஓடிருச்சு” என்றாள் ரோஸ்லின். கூட்டத்தில் அவள் குரலைப் பலர் கேட்டதே அன்றைக்குத்தான். “அது அண்ணி வாங்கிக் குடுத்த பேனா. ஈரத்துல நிக்காது.”

ஜெசிந்தா நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“பேனா நான்தான் வாங்குனேன். எனக்குப் பேனாவைப் பத்தி என்ன தெரியும்? உனக்குத் தெரியும்ல. ஓடும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லு.”

குழந்தைராஜ் சிலுவைக்கு அந்தப் பக்கம் நின்றார். அவரும் அவளைத்தான் பார்த்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷமாக மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தவள் தெரியாது என்றால் அந்த ஊரில் ஒரு பிள்ளைகூட நம்பாது. அதற்கும் மேலே, தன் தொழிலில் தனக்குத் தெரியாது என்று ஜெசிந்தாவின் முன்னால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“தெரியும்” என்றாள்.

அதன்பின் அங்கே யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. ஜெசிந்தா படத்தைச் சட்டத்தோடு எடுத்துச் சேலையால் மூடினாள். கூட்டம் பின்வாங்கியது. அடுத்த வருஷத்துக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். கையைப் பிடித்துச் சொன்னவள் போகும்போது தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து குழந்தைராஜ் கேட்டது ஒரே கேள்வி. “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“உங்க அக்கா என்னைக் கடையில வச்சுச் சொன்னதை உங்ககிட்ட நான் சொல்லல. இதையும் சொல்லல.”

“அது அம்மா மூஞ்சி, ரோஸு.”

அவர் கொஞ்ச காலம் பாபநாசத்தில் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். அப்புறம் அறுவடை நெருங்கியதும் அலைச்சல் தாங்காமல் வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தார். பேச்சு சாப்பாட்டோடு நின்றது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ரோஸ்லின் அந்த முகத்தை இன்னொரு தடவை வரைந்தாள். யாரும் கேட்கவில்லை. தன்னுடைய மெல்லிய முனையில், தூள் மையில், கோட்டின்மேல் கோடாக, நிதானமாகப் போட்டாள். மன்னிப்புக் கேட்பதற்காக வரைந்ததல்ல. செய்த வேலை கெட்டுப்போய்க் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. முடித்ததும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். குழந்தைராஜ் அதைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினார். அக்காவிடம் அதைப் பற்றிச் சொன்னாரா, சொல்லவில்லையா என்று அவள் கேட்கவில்லை.

இப்போது சவரியம்மாள் கல்லறையில் ஜெசிந்தா வைத்த கிரானைட் பலகை இருக்கிறது. மெஷினில் பொறித்த முகம், இரண்டு இமையும் ஒன்றுபோல. இந்த ஊரில் யாரும் ரோஸ்லினிடம் இறந்தவர்களின் போட்டோவைக் கொண்டுவருவதில்லை. வலங்கைமான் பக்கமிருந்து எப்போதாவது ஒரு குடும்பம் வருகிறது, மற்ற நாட்களில் அவள் கல்லூரிப் பெண்களுக்கு ரெக்கார்டு நோட்டு வரைகிறாள். கும்பகோணத்துக்குத் தனியாகப் போய்ப் பேனா வாங்கி வருகிறாள். ஜெசிந்தா இந்த வீட்டு வாசற்படி ஏறுவதில்லை, ரோஸ்லினும் வாங்க என்று சொல்லி அனுப்பவில்லை.